ஒரு லிட்டர் எஞ்சினும் ஒம்பது தெருச் சத்தமும்

மருமவனே, நீ கார் வாங்குனதுல எனக்கு ரொம்ப சந்தோசம். அதுவும் போலோ, ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின். 2022-ல கம்பெனிக்காரனே போதும்னு நிப்பாட்டுன வண்டி. அதை எங்கெங்கயோ தேடி, செகண்ட் ஹேண்டுல பிடிச்சுக் கொண்டாந்து, செம்பூர் பில்டிங்குக்குக் கீழ நிறுத்திப்புட்டே. கவர் போட்டு மூடுதே, வாராவாரம் தேச்சுக் குளிப்பாட்டுதே. பெத்தவளுக்கு ஒரு வேளை காப்பி போட்டுக் குடுத்திருப்பியான்னு நான் கேக்கமாட்டேன். அது ஒங்க வீட்டு விசயம்.

இப்ப அந்தக் கார் சத்தமே போடலன்னு ஒனக்கு விசனம். குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல ஒருத்தன், அடியில கெடக்க குழாயை அறுத்துட்டுப் பெருசா ஒண்ணு பூட்டினா பத்துப் பதினஞ்சு குதிரை கூட வரும்னு சொல்லிட்டானாம். ஜெர்மன்காரன் வரஞ்சு, புனே பக்கம் சாக்கன் ஃபேக்டரியில பூட்டி, வெயில்லயும் மழையிலயும் ஓட்டிச் சோதிச்சு வெளிய விட்ட குழாய் அது. அதுல இருக்க குத்தத்தை நம்மாளு குனிஞ்சு ஒரு டார்ச் லைட் அடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டான். இப்பேர்ப்பட்ட மூளை தாராவிக்குப் பக்கத்துலயே இருக்கையில, அவனுவ எதுக்கு ஜெர்மனியில ஆபீஸ் போட்டு வாடகை கட்டுதானுவன்னு எனக்கு வெளங்கல.

நான் ஒன்ன மாதிரி படிச்சவன் இல்ல. காளி-பீளி ஃபியட் டாக்சி ஓட்டிப் பொழச்சவன். அந்த ஃபியட்டும் இதே குர்லாவுல, பிரீமியர் கம்பெனியில செஞ்சதுதான். 1089 சி.சி., நாப்பது குதிரை, ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டரும் கெடையாது, டர்போவும் கெடையாது. எஞ்சின் தானா எவ்வளவு காத்த இழுக்குமோ அவ்வளவுதான் அதுக்குப் பலம். சைலன்சர் உள்ளுக்குள்ள அடச்சுக்கிட்டா இழுவை செத்துரும். புதுசு மாத்தினா சயான் பாலம் ஏறும்போதே வித்தியாசம் தெரியும். கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரோட பம்பாய் ரோட்டைவிட்டுப் போயிட்டு. ஆனா அதுக்குப் பாத்த வைத்தியம் மட்டும் இன்னும் கேரேஜ் கேரேஜா உசிரோட அலையுது. அந்த வைத்தியத்தைத்தான் ஒன் வண்டிக்கும் பாக்கணும்ங்கான்.

ஒன் வண்டி வேற ரகம்லே. 999 சி.சி., மூணே சிலிண்டர். எங்க ஃபியட்டை விடச் சின்ன எஞ்சின். ஆனா 110 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் இழுவை. எல்லாம் டர்போ பண்ணுத வேலை. எஞ்சின் வெளிய தள்ளுத புகை முழுசா மிதிக்கையில தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டுக்குக் கிட்டப் போகும். அந்தப் புகை சும்மா போகாம ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்திட்டுப் போகுது. அதே தண்டுல மறுமுனையில இன்னொரு காத்தாடி இருக்கு. அது வெளிக்காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்குது. நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும். அந்தக் காத்தாடிக்குள்ள நுழைஞ்சு வாரப்பவே புகை தன் சத்தத்துல ஒரு பங்கைத் தொலச்சுருது. அப்புறம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ரெசனேட்டர், கடைசியில மஃப்ளர். ஒன் கண்ணுக்குத் தெரியுதது பம்பருக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருக்க வாய் மட்டுந்தான். அந்த வாய்க்குத்தான் நீ பல்லுக் கட்டப் போறேங்கே.

இன்னொருத்தன் ஹெடர்ஸ் மாத்தித் தாரேன்னு சொன்னானாமே, அவனை விட்டுராதே. ஹெடர்ஸ் பூட்டுதது எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இருக்க எடத்துல. இந்த எஞ்சினுல மேனிஃபோல்டு தனியா கெடையாது, சிலிண்டர் ஹெட்டோட சேத்தே வார்த்திருக்கு. அவன் எதைக் கழட்டப் போறான்னு நாள் கேட்டு வையி. டீ வாங்கிக் குடுத்து, பெஞ்சு போட்டு உக்காந்து நானும் பாக்கணும்.

சரி, நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. குர்லாக்காரன் சொன்னதுல பாதி உண்மை. டர்போவுக்குப் பின்னால வழி எவ்வளவு தாராளமா இருக்கோ அவ்வளவு நல்லதுதான். கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் இழுவைன்னு பழைய மெக்கானிக் சொல்லுவான்; டர்போவுக்கு அந்தப் பேச்சு செல்லாது. காத்தாடிக்கு முன்னால அமுக்கம், பின்னால காலி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க வித்தியாசம் கூடக்கூட அது சுறுசுறுப்பாச் சுத்தும். அது பாதி. மீதிப் பாதியை அவன் ஒங்கிட்டச் சொல்லல, பில்லுல மட்டும் போட்டுட்டான்.

மாட்டுங்கா ஸ்டேசன் பக்கம் ராமா நாயக் உடுப்பி ஹோட்டலுக்கு நீ போயிருக்கேல்லா? 1942-லேந்து எலை போட்டுச் சாப்பாடு. எப்பப் போனாலும் கூட்டம், டோக்கன் வாங்கிக்கிட்டு நிக்கணும். நீ போயி, வெளிய போற வாசலை மட்டும் ரெண்டு மடங்கு அகலமாக்கிட்டேன்னு வையி. சாப்பிட்டவன் ஏப்பம் விட்டுக்கிட்டு இடிபடாம வெளிய போவான். ஆனா உள்ள எத்தன பேரை விடணும்ங்கது டோக்கன் குடுக்கவரு கையில இருக்கு. அவரு மனசு வைக்காம பந்தியில ஒரு எலை கூட விழாது. ஒன் வண்டியில அந்த டோக்கன்காரரு எஞ்சினை ஆளுத கம்ப்யூட்டர், பேரு ஈ.சி.யூ.

அவருக்கு ஒரு கணக்கு எழுதிக் குடுத்திருக்கான் கம்பெனிக்காரன். எவன் எப்படி மிதிச்சாலும் 175-க்கு மேல குடுக்காதேன்னு. பெரிய குழாய் போட்டு டர்போ லேசாச் சுத்த ஆரம்பிச்சா அவருக்கு உடனே தெரிஞ்சுரும். வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடத் திறந்து, மிச்சப் புகையைக் காத்தாடி பக்கம் விடாம ஓரமா அனுப்பிருவாரு. அமுக்கம் பழைய அளவுலயே நிக்கும். ஒனக்குக் கெடைக்கது என்னன்னா, டர்போ கண்ணிமைக்க நேரம் முந்தியே முழிக்கும், ஆக்சிலேட்டருக்குக் கொஞ்சம் சுருக்காப் பதில் சொல்லும், உச்சச் சுத்துல ரெண்டு மூணு குதிரை தேறலாம். அதே வண்டியைக் காலைக் குளிர்ச்சியில ஒருக்கா, மத்தியான வெக்கையில ஒருக்கா, பலத்தை அளக்குத டைனோ மெசினுல ஏத்திப் பாரு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க வித்தியாசம் இதைவிடக் கூட இருக்கும். காசு குடுக்காமலே குதிரை வேணும்னா விடியக்காலையில வண்டி ஓட்டு.

ஆனா காதுக்கு மட்டும் முப்பது குதிரை கூடின மாதிரி இருக்கும், அதை நான் ஒத்துக்கிடுதேன். சத்தம் ஏறினா வேகம் ஏறிட்டுன்னு மூளை நம்பிரும். ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் அழுத்தக்காரப் பய, அவன் நம்பமாட்டான்.

அந்தச் சத்தத்தையும் ஒரு கணக்குப் பாத்துருவோம். மூணு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு சுத்துக்கு ஒண்ணரை வெடி. எக்ஸ்பிரஸ் ஹைவேயில டாப் கியர்ல 2400 சுத்துல போறேன்னு வையி. வினாடிக்கு 40 சுத்து, அப்ப 60 வெடி. அறுபது ஹெர்ட்ஸ். கார் கூண்டுக்குள்ள சிக்கிக்கிட்டு வெளிய போகத் தெரியாம மண்டைக்குள்ளயே உறுமுத சத்தம் இது. டிரோன்னு சொல்லுதானுவ. அதைத் தின்னு தீக்கத்தான் கம்பெனிக்காரன் நடுக்குழாயில ரெசனேட்டர் வச்சிருக்கான். குர்லாக்காரன் முதல்ல வெட்டி எறியுதது அந்த டப்பாவைத்தான், வெறும் வெயிட்டுன்னு சொல்லி. நீ பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு புனே போறே. பன்வேல்ல அவ பேச ஆரம்பிக்கா, லோனாவாலா வரைக்கும் ஒண்ணும் கேக்கல. இப்ப யோசிச்சுப் பாத்தா, குழாய் மாத்துததுக்கு நெசமான நியாயம் இது ஒண்ணுதான். ஆனா லோனாவாலாவுல வண்டியை நிப்பாட்டியாகணும். அங்க வச்சு மொத்தத்தையும் முதல்லேந்து சொல்லுவா.

இனி அடுத்த யோசனைக்கு வா. டோக்கன்காரரையே சரிக்கட்டிட்டா? ட்யூனிங், ரீமேப், ஸ்டேஜ் ஒண்ணு, ஸ்டேஜ் ரெண்டுன்னு ஒன் கூட்டாளிக பேசுதானுவளே, அது. இதுல சரக்கு இருக்கு மருமவனே, நான் பொய் சொல்லமாட்டேன். டர்போ பெட்ரோல் வண்டியில ஈ.சி.யூ. கணக்கை மாத்தி எழுதினா, குழாயைத் தொடாமலே பதினஞ்சு இருபது சதம் பலம் கூடும். அதான் ஸ்டேஜ் ஒண்ணு. டர்போவுக்கு அடுத்தாப்ல வார டவுன்பைப்பை மாத்தி, அதுக்குத் தக்கன கணக்கை மறுபடி எழுதினா ஸ்டேஜ் ரெண்டு. பெரிய குழாய் சோறு போட ஆரம்பிக்கது அந்த எடத்துலதான். அதனால வரிசை இதுதான்: முதல்ல கணக்கு, பொறவுதான் குழாய். நீ தலைகீழா நிக்கே. கல்யாண மண்டபத்தை புக் பண்ணிட்டுப் பொண்ணு தேடப் போறே.

ஆனா கணக்கு எழுதுதவன் ஒன் பொண்டாட்டி வீட்டுக்காரன் இல்ல, எல்லாத்தையும் சீரா எழுதித் தந்துட்டுப் போறதுக்கு. அமுக்கம் கூட்டினா சூடு கூடும். மே மாசம் சயான் சர்க்கிள் ஜாம்ல இருபது நிமிசம் நின்னா இன்டர்கூலரே அனல்ல வெந்து கெடக்கும். பெட்ரோல் தன்னால வெடிக்கப் பாக்கும். நாக்குன்னு சொல்லுதது அது. அதுல தப்பிக்க ஒசந்த ஆக்டேன் பெட்ரோல் வேணும். இந்தியன் ஆயில்காரன் 2020 டிசம்பர்ல நூறு ஆக்டேன் எக்ஸ்.பி.100-ஐ இறக்கினப்ப முதல் பட்டியல்லயே மும்பை இருந்துச்சு. ஒசந்த ஆக்டேனுக்குன்னு கணக்கு எழுதிட்டா, ஒன் சம்பளம் எப்படி இருந்தாலும் வண்டி அதையேதான் குடிக்கும். இந்தச் சின்ன டர்போ எஞ்சினுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. கீழ்ச்சுத்துல, பெரிய கியர்ல வச்சுக்கிட்டு அடிவரைக்கும் மிதிச்சா, ஸ்பார்க் வாரதுக்கு முந்தியே உள்ள வெடிச்சு பிஸ்டனையே ஒடச்சுரும். ட்யூன் பண்ணின வண்டியில அந்த வெடி இன்னும் கனமா விழும். ஒன் கூட்டாளி பழைய 1.2 ஜி.டி. வச்சிருக்கானே, அந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டிக்குக் கம்பெனி போட்ட எல்லையே 250 நியூட்டன் மீட்டர்தான். எஞ்சின் கூடத் தரும், கியர்பெட்டி கணக்குக் கேக்கும்.

அப்புறம் ஒரு சீக்கு பரவிக்கிட்டு இருக்கு, பாப்ஸ் அண்ட் பேங்ஸாம். காலை எடுத்தா பின்னால படபடன்னு வெடிக்கணுமாம். அதுக்கு ஸ்பார்க்கைத் தாமசமாக்கி, பாதி வெந்த பெட்ரோலை வெளிய அனுப்பி, குழாய்க்குள்ள எரிய வைக்கானுவ. லிட்டருக்கு நூறு ரூவாய்க்கு மேல குடுத்து வாங்கி, எஞ்சினுக்கு வெளிய எரிக்க ஒரு ஏற்பாடு. அந்தத் தீயில கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடச்சுக்கும். தீவாளிக்கு ஒரு நாள் வெடிச்சா ஊருக்கே சந்தோசம். தெனமும் வெடிக்கவனை என்ன சொல்லுவானுவன்னு ஒன் பில்டிங் வாட்ச்மேன்கிட்ட கேளு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னதும் ஞாவகம் வருது. இந்த விசயத்துல விளையாட்டே வேண்டாம். கேட்டையும் தூக்கிரலாம் பாய், வண்டி பறக்கும்னு எவனாவது சொன்னா, அவன் பறக்க விடப்போறது ஒன் காசை. அந்தப் பெட்டிக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கு. ரோடியம் வெலையில தங்கத்தையே முந்துத உலோகம். அதைக் கழட்டி மூலையில போட்டுட்டு, பழசுதானே, இங்கயே கெடக்கட்டும்னு அன்பாச் சொல்லுவான். தாராவி பதிமூணு கம்பவுண்டுல பிளாஸ்டிக் மூடியைக் கூடத் தரம் பிரிச்சு வெலை வைக்க ஊருல, எதுவும் சும்மா கெடக்காதுலே. ஒன் வண்டி பி.எஸ்.6. கேட்டுக்குப் பின்னால ஒரு சென்சார் உக்காந்து காவல் காக்குது. கேட் போனா டேஷ்போர்டுல மஞ்சள் வெளக்கு எரியும், பி.யூ.சி. புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு ஏறும். எல்லாத்துக்கும் மேல, அந்த நஞ்சை மூஞ்சில வாங்குதது சிக்னல்ல ஒனக்குப் பின்னால நிக்க ரிக்சாக்காரன். ஏற்கெனவே மாகுல் ரிஃபைனரி காத்தக் குடிச்சுக்கிட்டு இருக்க செம்பூருக்கு ஒன் பங்கு வேற வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நீ என்கிட்ட கேக்கல. வக்கீல் பீஸ் குடுக்கமாட்டேங்க தைரியத்துல நானே சொல்லுதேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனிக்காரன் குடுத்த கணக்குக்கு மாறா வண்டியை மாத்தாதேங்குது. 2019 ஜனவரியில, கேரளாவுலேந்து போன வழக்குல, சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் அழுத்திச் சொல்லிச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல, மாத்தின சொந்தக்காரனுக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் அஞ்சாயிரம் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள. சத்தம், புகை விதியை மீறினா பத்தாயிரம் வரைக்கும் அபராதம், மூணு மாசம் லைசென்சும் போகும். புதுக் கார் ஓடும்போது வார சத்தம் 74 டெசிபலைத் தாண்டாம இருந்தாத்தான் விக்கவே விடுதான். நீ என்னடான்னா, அந்தப் பரீட்சையில பாசான வண்டியைக் காசு குடுத்து ஃபெயிலாக்கப் போறே. பல ஊருல புடுங்கின சைலன்சர்களை ரோட்டுல வரிசையா அடுக்கி, போலீஸ்காரன் ரோடு ரோலர் ஏத்திக் காட்டியிருக்கான். பூரா நம்ம பைக் பயலுகளோடது. கார்க்காரனுக்கும் அந்த மரியாதை கெடைக்கட்டும்னு நீ துணியுதே போல.

சரி, எல்லாத்தையும் மாத்திட்டே. எங்க ஓட்டுவே? செம்பூர்லேந்து எங்களைப் பாக்க தாராவிக்கு வாரே. சயான் ஆஸ்பத்திரியத் தாண்டணும். ஆஸ்பத்திரியைச் சுத்தி நூறு மீட்டரை அமைதி மண்டலம்னு அறிவிக்கலாம்னு 2000-ல வந்த சத்த விதி சொல்லுது. பகல்ல 50, ராத்திரி 40 டெசிபல். வார்டுல கெடக்கவன் ஒன் டர்போ முழிச்ச நேரத்துல முழிச்சு என்ன பண்ணப் போறான்? அங்கேந்து தொண்ணூறு அடி ரோடு. பேருக்குத்தான் தொண்ணூறு, காய்கறி வண்டி, தோல் மூட்டை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையக் கழிச்சா மிச்சம் ஒம்பது தேறும். அதுல ரெண்டாவது கியரே ஒரு கனவு. ஈஸ்டர்ன் ஃப்ரீவேங்கியா? மொத்தமே பதினாறு கிலோமீட்டர்ச் சொச்சம், பாஞ்சராப்போல்ல ஏறினா வழியில ஒரு குகை. ஒன் வயசுப் பயலுவ அந்தக் குகைக்குள்ள கண்ணாடியை எறக்கிவிட்டு, கியரைக் கொறச்சு மிதிச்சு, தன் சத்தத்தைத் தானே கேட்டு ரசிக்கானுவ. அரை கிலோமீட்டர் சொகம். திரும்பக் கேக்கணும்னா டவுனு வரைக்கும் போயிட்டு வரணும்.

போலீஸ்காரனுக்கும் நையாண்டி தெரியும், அதை மறந்துராதே. சத்தம் கூடினா சிக்னலே பழிவாங்குத மாதிரி மும்பை போலீஸ் ஒரு ஏற்பாடு பண்ணி, 2020 ஜனவரி கடைசியில வீடியோ விட்டுச்சு. கம்பத்துல டெசிபல் மீட்டர் வச்சிருந்தான். ஹாரன் சத்தம் 85-ஐத் தாண்டினா செவப்பு வெளக்கு திரும்ப முதல்லேந்து எண்ண ஆரம்பிக்கும். சி.எஸ்.எம்.டி., மரைன் டிரைவ், பெடர் ரோடு, ஹிந்த்மாதா, பாந்திரான்னு சில எடத்துல வச்சுப் பாத்தானுவ. சத்தம் போட்டவனும் நின்னான், வாயை மூடிக்கிட்டு இருந்தவனும் நின்னான். அந்த நேரம் ஒன் வண்டி அங்க இருந்திருந்தா, ஹிந்த்மாதா ஜங்சன்ல இன்னைக்கு வரைக்கும் செவப்புதான் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

இவ்வளவும் சொன்னபொறவு நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாதே. பணம் கையில அரிக்குதுன்னா வரிசையாச் செலவழி. முதல்ல நாலு நல்ல டயர். பொறவு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். அதுக்குப் பொறவு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில். செகண்ட் ஹேண்டு வண்டியில தொலஞ்ச குதிரை பாதிக்கு மேல இங்கதான் ஒளிஞ்சிருக்கும். அப்பவும் ஆசை தீரலன்னா டைனோவுல ஏத்தி, வண்டி இப்ப எவ்வளவு தருதுன்னு பாத்து எழுதி வையி. வேகந்தான் வேணும்னா சாஃப்ட்வேர்காரன் வீட்டுக்குப் போ. எஞ்சின் போனா யார் பொறுப்புன்னு அவன்கிட்ட எழுதி வாங்கு. சத்தந்தான் வேணும்னா அதை மனசாரச் சொல்லு. நாலு பேரு திரும்பிப் பாக்கணும்ங்கது தப்பில்ல, நானும் ஃபியட்டுல பாட்டு ஹாரன் வைக்க ஆசைப்பட்டவந்தான். ஆனா சத்தத்துக்குக் காசு குடுத்துட்டு வேகம் வாங்கினேன்னு என்கிட்ட மட்டும் சொல்லாதே. எந்த வழியில போனாலும் கேட்டைத் தொடாதே, கழட்டுன பழைய குழாயைக் கையோட வீட்டுக்குக் கொண்டாந்துரு. வண்டியை விக்கும்போது அதைத்தான் திரும்பப் பூட்டுவே.

அப்பவும் குழாய்தான் முதல்லங்கியா? செய்யி. குர்லாக்காரன்கிட்ட மூணு காயிதம் கேளு. ஒண்ணு, ஒரே நாள்ல ஒரே டைனோவுல மாத்தும் முன்னயும் பின்னயும் எடுத்த ரிப்போர்ட். ரெண்டு, இந்தக் குழாய் இந்த வண்டிக்கு ஆகும்னு வண்டியைச் சோதிக்க புனே ஏ.ஆர்.ஏ.ஐ. குடுத்த சர்டிபிகேட். மூணு, குழாயை மாத்தியிருந்தாலும் க்ளெய்ம் தருவோம்னு இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போட்ட லெட்டர். மூணும் கொண்டா. குழாய்க் காசு மொத்தமும் இந்த மாமன் தாரேன், ஒத்தக் காசு நீ போடவேண்டாம். அதுக்காகப் பேங்குல கெடக்க பிக்சட் டெபாசிட்டை நான் இப்பவே ஒடைக்கப் போறதில்ல. காயிதம் வரட்டும். அதுவரைக்கும் வட்டி ஓடட்டும்.